வரப்பில் நின்று போட்ட உத்தரவு

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களில் பலர் நிர்வாகவியல் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். நானும் தபாலில் படித்தவன்தான். அதனால் உங்களை மிரட்டுவதற்கு எனக்கு உரிமை இல்லை. மரக்காணம் உப்பளத்தில் மேனேஜர் என்ற பெயரில் இருபத்துச் சொச்சம் வருஷம் நாற்காலி தேய்த்தேன். அதில் உருப்படியாக ஏதாவது கற்றுக்கொண்டேன் என்றால் அது ஒரு வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கும் மறுநாள் காலை ஒன்பது மணிக்கும் நடுவில்தான். மிச்ச வருஷங்கள் எல்லாம் கணக்கில் வராது.

உப்பு எப்படி விளைகிறது, எத்தனை நாள் பாத்தியில் காய வேண்டும் என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதை உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் பாத்தியில் வெறுங்காலோடு நிற்கிறார்கள், அவர்களிடம் கேளுங்கள். இந்தக் கடைசி வார்த்தையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வார்த்தையில்தான் நான் மூக்குடைபட்டேன்.

2004-இல் பழைய முதலாளிக்கு யாரோ ஒரு பயிற்சி வகுப்புக்கு இலவசப் பாஸ் கொடுத்தார்கள். இலவசம் என்பதால் என்னை அனுப்பிவைத்தார். சென்னையில் ஒரு ஹோட்டலில் இரண்டு நாள். ஏசி அறை, டை கட்டிய ஆசிரியர், நான்கு முறை காபி. ஒருவன் எந்தப் பண்பாட்டில் வளர்ந்தானோ, எந்த மதத்தில் பிறந்தானோ, அதை வைத்தே அவன் எப்படித் தலைமை தாங்குவான் என்று சொல்லிவிடலாம் என்பது பாடம். சில பண்பாடுகளில் தலைவர்கள் நேராகச் சொல்லிவிடுவார்களாம். சில பண்பாடுகளில் வாய் ஒன்றைச் சொல்லுமாம், மனசு வேறொன்றை நினைக்குமாம். நல்ல அதிகாரி என்பவன் சொன்னதை விட்டுவிட்டுச் சொல்லாததைப் படிக்க வேண்டுமாம். எனக்குப் புல்லரித்தது. ஐம்பது வயதில் திடீரென்று உலகம் விளங்கிவிட்டது.

ஊருக்குத் திரும்பியதும் ஒரு சார்ட் பேப்பர் வாங்கினேன். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, மூன்று கலர் இங்கில் ஓர் அட்டவணை எழுதினேன். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று மூன்று வரிசை. ஒவ்வொருவரும் எப்படி முடிவெடுப்பார்கள், எப்படிப் பேசினால் மடங்குவார்கள் என்று எதிரே குறிப்பு. எங்கள் தொழிலாளர்களில் பாதிப் பேர் கிறிஸ்தவர்கள், பாதிப் பேர் இந்துக்கள். அப்போது முஸ்லிம் யாரும் கிடையாது. ஆனாலும் அட்டவணை முழுமையாக இருக்கட்டும் என்று அதையும் நிரப்பினேன். 'முடிவு மேலிருந்து வரும். மறுபேச்சு பிடிக்காது. உடனே நிறைவேற்றவும்' என்று பச்சை இங்கில் எழுதினேன். எந்த ஆதாரத்தில் எழுதினேன் என்று கேட்காதீர்கள். பச்சை இங்க் இருந்தது, எழுதினேன். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் அதைச் செருகி வைத்துக்கொண்டேன்.

அந்த வருஷக் கடைசியில் கடல் உள்ளே வந்துபோனது உங்களுக்குத் தெரியும். பாத்திகள் எல்லாம் சேறும் மணலுமாகக் கிடந்தன. பழைய முதலாளி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு விலகிக்கொண்டார். யாரும் சீண்டாத அந்த நிலைமையில் குத்தகையை எடுத்தவர் கோட்டக்குப்பத்துக்காரர். பதினேழு வருஷம் துபாயில் இருந்துவிட்டு வந்தவர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். ஊரில் எல்லோரும் அவரை பாய் என்றார்கள், நானும் பாய் என்றேன். அவர் என்னை சார் என்றார். சம்பளம் கொடுக்கிறவர் சார் என்று கூப்பிட்டால் மண்டையில் கொஞ்சம் காற்று ஏறத்தான் செய்யும்.

அவர் வருவதற்கு முதல் நாள் என் அட்டவணை வேலை செய்ய ஆரம்பித்தது. எங்கள் மோட்டார் கொட்டகை ஓரமாக ஒரு கல் இருக்கும். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பருவத்தில் முதல் உப்பு வாரும்போது ஒரு கைப்பிடி உப்பை அதன் முன்னால் வைத்துவிட்டுத்தான் எங்கள் ஆட்கள் அம்பாரம் போட ஆரம்பிப்பார்கள். புது முதலாளி மனம் கோணக்கூடாதே என்று அந்தக் கல்லைச் சாக்கில் சுற்றி என் அறையில் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டேன். யாருக்கும் சொல்லவில்லை.

பாய் வந்தார். நடந்து சுற்றிப் பார்த்தார். மோட்டார் கொட்டகை ஓரத்தில் நின்றார்.

"இங்க ஒரு கல்லு இருந்துச்சே சார்? போன வாரம் பாக்க வந்தப்போ பாத்தேன்."

"எடுத்து வெச்சிட்டேன் பாய். உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு..."

"எனக்கு என்னா சார் சங்கடம்? நான் கும்பிடப் போறதில்ல. கும்பிடுறவங்க இருக்காங்க இல்ல, அவங்களக் கேட்டுட்டா எடுத்தீங்க?"

நேராக அறைக்குப் போய்க் கட்டிலுக்கு அடியில் தவழ்ந்துபோய்க் கல்லை எடுத்துவந்து பழைய இடத்தில் வைத்தேன். மேற்குப் பார்த்து வைத்துவிட்டேனாம். காத்தவராயன் வந்து கிழக்கே திருப்பி வைத்துவிட்டுப் போனார். காத்தவராயன்தான் எங்கள் மேஸ்திரி, வானத்தைப் பார்த்தே நாளைய நிலவரம் சொல்லக்கூடியவர். எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும் இல்லையா? எனக்கு வரவில்லை. அறைக்குப் போய் அட்டவணையில் பச்சை வரிசைக்குப் பக்கத்தில் 'சில விதிவிலக்குகள் உண்டு' என்று பென்சிலில் எழுதி வைத்தேன்.

அடுத்த வருஷம், 2006 ஏப்ரல். அந்த வருஷம் பெரிய வெள்ளியும் சித்திரை ஒன்றும் ஒரே நாளில் வந்தன. வெள்ளிக்கிழமை என்பதால் பாய்க்கு ஜும்மா தொழுகையும் அன்றைக்குத்தான். ஆக மூன்று தரப்புக்கும் ஒரே நாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வாரம் முன்னாடியே வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் விடுமுறை என்று நோட்டீஸ் எழுதி ஒட்டினேன். கீழே 'அனைத்துச் சமய நல்லிணக்கத்துடன், மேனேஜர்' என்று கையெழுத்துப் போட்டேன். அந்தோணியம்மா அதைப் பார்த்துவிட்டு, "லீவுன்னு ஒரு வார்த்தை போட்டாப் போதாதா சார்?" என்று கேட்டார். பெண்கள் கூட்டத்துக்கு அவர்தான் தலைவி. தலையில் பேசின் வைத்து உப்புச் சுமக்கும் இருபது பேரும் அவர் நடந்தால் நடப்பார்கள், நின்றால் நிற்பார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் காற்று நின்றுபோனது. உப்பளத்தில் காற்று நின்றால் காது அடைத்த மாதிரி இருக்கும். தென்கிழக்கே கடல் மேல் கறுப்பாக ஏறிக்கொண்டிருந்தது. காத்தவராயன் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இது நல்லதுக்கு இல்ல" என்றார். நாற்பது பாத்தியில் உப்பு முற்றி நின்றது. சனிக்கிழமை வாருவதாகத் திட்டம். ஒரு நல்ல மழை பெய்தால் பதினைந்து நாள் விளைச்சலும் கரைந்து தண்ணீரோடு தண்ணீராகப் போய்விடும். சேற்றை அள்ளிச் சீர்படுத்திய பாய்க்கு அந்த வருஷந்தான் முதல் நல்ல வருஷம். தொழிலாளர்களுக்கும் அவரவர் பாத்தியை வாரினால்தான் கூலி.

பாய்க்குப் போன் போட்டேன். நிலைமையைச் சொன்னேன். அவர் சொன்னது இதுதான். இன்றைக்கும் எனக்கு வரி பிசகாமல் ஞாபகம் இருக்கிறது.

"நாளைக்கு அவங்க நாளு சார். என்ன பண்ணலாம்னு அவங்ககிட்டயே கேளுங்க. நான் சாயங்காலம் அசர் தொழுதுட்டு வந்துடுறேன்."

இதில் ஏதாவது புரியாமல் இருக்கிறதா? ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். ஆனால் நான் இரண்டு நாள் ஏசி அறையில் பாடம் கேட்டவன் ஆயிற்றே. போனை வைத்துவிட்டு அட்டவணையைப் பார்த்தேன். முடிவு மேலிருந்து வரும். மறுபேச்சு பிடிக்காது. அப்படியானால் 'கேளுங்க' என்று அவர் சொன்னது வெறும் மரியாதைக்கு. பண்டிகை நாளில் வேலைக்கு வா என்று அவர் வாயால் எப்படிச் சொல்வார்? நாம்தான் சொல்லாததைப் படிக்க வேண்டும். தோண்டினேன். தோண்டித் தோண்டி அந்தப் பாவப்பட்ட மனிதரின் வார்த்தைக்கு அடியிலிருந்து ஓர் உத்தரவை வெளியே எடுத்தேன்.

வரப்பில் ஏறி நின்றுகொண்டு எல்லோரையும் கூப்பிட்டேன்.

"மொதலாளி ஆர்டர். நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்கு எல்லாரும் வேலைக்கு வரணும். லீவு கேன்சல். வராதவங்களுக்கு இந்த சீசன்ல வேலை கெடையாது."

கடைசி வரி என் சொந்தச் சரக்கு. உத்தரவுக்கு ஒரு முறுக்கு வேண்டாமா என்று சேர்த்தேன்.

அந்தோணியம்மா பேசினைத் தலையிலிருந்து இறக்கினார். "நாளைக்குப் பெரிய வெள்ளி சார்."

அதற்கு நான் சொன்ன பதிலை எழுதவே கை கூசுகிறது. ஆனால் எழுதாவிட்டால் நீங்கள் நான் எவ்வளவு பெரிய ஆள் என்று தெரிந்துகொள்ள முடியாது. "தெரியும்மா. உங்க சாமியே கஷ்டப்பட்டவருதானே, கோவிச்சிக்க மாட்டாரு" என்றேன். கிறிஸ்தவர்களிடம் தியாகத்தைச் சொல்லிப் பேசவும் என்று சிவப்பு இங்கில் எழுதியிருந்தேன், அதைத்தான் நிறைவேற்றினேன். அந்தோணியம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். அதே சூட்டோடு காத்தவராயன் பக்கம் திரும்பி, "வருஷத்தோட மொத நாள்ல உப்புல கை வெச்சா லட்சுமி வருவா மேஸ்திரி" என்றேன்.

"பொங்கலுக்கும் இதத்தான் சொன்னீங்க" என்றார் காத்தவராயன்.

யாரும் சிரிக்கவில்லை. கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. யார் என்று எனக்குத் தெரியும், பெயர் வேண்டாம்.

"அவருக்கு வெள்ளிக்கெழம ஆனா தொழுவப் போவணும். நமக்கு மட்டும் நாளு கெழம கெடையாதா?"

தம்பிகளே, தங்கைகளே, இங்கேதான் நான் வாய் திறந்திருக்க வேண்டும். அவர் அப்படிச் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன் என்று ஒரு வரி போதும். மழைக்கும் உப்புக்கும் நடுவில் இருந்த ஒரு விஷயம் அந்த ஒரு பேச்சில் மதத்துக்கும் மதத்துக்கும் நடுவில் இருக்கிற விஷயமாக மாறிவிட்டது. என் கண் முன்னால் மாறியது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பயமாக இருந்தது, அதுதான் உண்மை.

வேலை முடிந்தால் பேசினைக் கழுவிக் கொட்டகையில் அடுக்கிவிட்டுப் போவதுதான் அங்கே வழக்கம். அன்றைக்குப் பெண்கள் எல்லோரும் வரப்பிலேயே பேசினைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்கள். வரிசையாக இருபது பேசின். நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அப்படி நடந்து பார்த்ததில்லை.

பாய் பைக்கில் வந்து இறங்கியபோது மணி நாலே முக்கால் இருக்கும். ரோட்டோர டீக்கடையில் நின்ற நம் ஆட்கள் யாரும் அவருக்கு வணக்கம் வைக்கவில்லையாம். வந்ததும் கவிழ்ந்து கிடந்த பேசின்களைப் பார்த்தார்.

"என்னா சார் ஆச்சு?"

சொன்னேன். எனக்கு வசதியான இடங்களைப் பெரிதாகவும் மற்றதைச் சின்னதாகவும் வைத்துச் சொன்னேன்.

"எம் பேரச் சொன்னீங்களா?"

"ஆமா பாய்."

"நான் கேளுங்கன்னுதானே சொன்னேன்?"

"நீங்க மரியாதைக்குச் சொல்றீங்கன்னு நெனச்சேன் பாய்."

அவர் முகம் சிவந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து தொப்பியை எடுத்தார், பார்த்தார், மறுபடி பைக்குள் வைத்தார். "மரியாதைக்குத்தான் சார் சொன்னேன்" என்றார். "அவங்களுக்குக் குடுக்க வேண்டிய மரியாதை." அப்புறம் டீக்கடையை நோக்கி நடக்க ஆரம்பித்தார். நான் பின்னால் போனேன். வேலை போய்விட்டது என்று முடிவு செய்துவிட்டேன். மூத்த மகளுக்குத் தலைப்பிரசவ நேரம், ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள் என்று நடந்துகொண்டே யோசித்தேன்.

டீக்கடை முன்னால் நாற்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஒரு வரி சொன்னால் போதும். 'நான் சொல்லவில்லை, மேனேஜர் சொன்னார்' என்றால் அவர் தப்பித்துவிடுவார். நியாயமும் அதுதான். அவர் சொன்னது வேறு.

"ஆர்டர் எம் பேர்ல வந்துச்சு. அது தப்பு. வாபஸ் வாங்கிக்கிறேன், மன்னிச்சிக்கங்க. நாளைக்கு லீவு லீவுதான். வேலைய விட்டு யாரையும் அனுப்ப மாட்டேன். உப்பு கரைஞ்சா கரையட்டும், அத நான் பாத்துக்கிறேன்."

என்னைத்தான் ஒன்றிரண்டு பேர் பார்த்தார்கள். நான் டீக்கடைப் பாய்லரைப் பார்த்தேன்.

"இப்ப ஒரு யோசனை மட்டும் கேக்கணும். வர்றதுக்கு இஷ்டம் இருக்கிறவங்க வாங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். செருப்பை வரப்பில் கழற்றினார், பேன்ட்டை முழங்கால் வரைக்கும் மடித்தார், பாத்திக்குள் இறங்கி நின்றார். குனிந்து ஒரு கை உப்பை அள்ளிப் பார்த்தார். முதலில் காத்தவராயன் வந்தார். அப்புறம் அந்தோணியம்மா. அவர் வந்ததும் மற்றவர்களும் வந்தார்கள்.

"சொல்லுங்க மேஸ்திரி. மழை வருமா?"

"வரும்னுதான் தோணுது பாய். சொல்ல முடியாது."

"என்ன பண்ணலாம்?"

இப்படி ஒவ்வொருவரிடமும் கேட்க ஆரம்பித்தார். நெருக்கடி நேரத்தில் தலைவன் ஒருவனே முடிவெடுக்க வேண்டும் என்று என் பயிற்சிக் குறிப்பில் அடிக்கோடு போட்டு எழுதியிருந்தேன். மேகம் ஏறிக்கொண்டிருக்கிறது, இந்த மனிதர் பஞ்சாயத்துப் பேசிக்கொண்டிருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன். இருபது நிமிஷம் ஆனது. மூன்று முறை கடிகாரம் பார்த்தேன்.

கடைசியில் காத்தவராயன்தான் ஆரம்பித்தார். "எங்களுக்குப் படையல் பத்து மணிக்கு மேலதான். விடியறதுக்கு முந்தி எறங்கினா ஒம்போது மணி வரைக்கும் வாரலாம். அவங்க பாத்தியும் சேத்தே வாரிடறோம். பெரிய வெள்ளி அன்னிக்கு அவங்க வர வேணாம்."

"எங்க பாத்திய நீங்க ஏன் வாரணும்?" என்றார் அந்தோணியம்மா. "இப்ப வெளிச்சம் இருக்குது இல்ல? இன்னிக்குக் கோயில்ல ஆறரைக்குத்தான் சாமியாரு பன்னெண்டு பேருக்குப் பாதம் கழுவறாரு. ஆறு வரைக்கும் நாங்க வார்றோம். மிச்சம் இருந்தா நீங்க பாருங்க." அப்புறம் தன் புருஷனைக் காட்டி, "இவரு இந்த வருஷம் அந்தப் பன்னெண்டு பேர்ல ஒருத்தரு. உப்புக் காலோட போனா சாமியாருக்குத்தான் வேல ஜாஸ்தி" என்றார்.

அப்போதுதான் முதல் சிரிப்பு வந்தது. பாயும் சிரித்தார். "நானும் என் தம்பிங்களும் காலைல வர்றோம். எங்களுக்கு வாரத் தெரியாது. தூக்கத் தெரியும்" என்றார். கவிழ்ந்து கிடந்த பேசின்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. நான் வரப்பில் ஓர் ஓரமாக நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, அதுவே எனக்குத் தண்டனையாக இருந்தது.

மறுநாள் விடியற்காலையில் நானும் போனேன். போகாமல் எப்படி இருப்பது? காத்தவராயன் குடும்பங்கள், பாய், அவருடைய மூன்று தம்பிகள், நான். லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு உப்பு வாரும் பலகை ஒன்றைக் கையில் வாங்கினேன். உப்பை வாருவது பார்க்கச் சுலபமாக இருக்கும். பலகையைப் பாத்தியின் அடிமண்ணில் படாமல் மேலாக இழுக்க வேண்டும். இருபது வருஷம் மேற்பார்வை பார்த்தவன் நான், பலகையை அழுத்தி ஒரே இழுப்பில் இழுத்தேன். அடியில் கிடந்த களிமண் முழுக்க மேலே வந்துவிட்டது.

"சார், உப்ப வாரச் சொன்னா ஊரையே வார்றீங்க" என்றார் காத்தவராயன்.

ஒரு முழுப் பாத்தியை அப்படி நாசம் பண்ணினேன். அதைத் தனியாக ஓரத்தில் ஒரு சின்னக் குவியலாகக் கொட்டி வைத்தார்கள். காபிப்பொடி நிறத்தில் இருந்தது. அதற்கு அன்றைக்கே 'மேனேஜர் உப்பு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மற்ற உப்பெல்லாம் அம்பாரத்தில் ஏறி, மேலே கீற்று போர்த்தி முடித்தபோது மணி ஒன்பது. காத்தவராயன் ஆட்கள் புது வருஷம் கொண்டாட வீட்டுக்கு ஓடினார்கள்.

பாயின் தம்பிகளும் குளித்துவிட்டு ஜும்மாவுக்குப் போக வேண்டும் என்று வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். பாய் மட்டும் கால் கழுவிக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டேன்.

"நான்தான் சொன்னேன்னு நீங்க ஏன் பாய் நேத்து சொல்லல?"

"சொல்லியிருந்தா இன்னிக்கு அவங்க முன்னாடி நீங்க எப்படி சார் நின்னிருப்பீங்க? மேனேஜரு சொன்னா நான் சொன்ன மாதிரிதான். ஆனா அடுத்த தடவ கேளுங்க."

பிடித்த பிடியை விடாதவன் நான். "எல்லாரையும் கூப்பிட்டு வெச்சுக் கேக்கறது உங்க மார்க்கத்துல சொல்லியிருக்கிற விஷயமா பாய்?" என்று கேட்டேன். அட்டவணையைத் திருத்தி எழுதலாம் என்று ஒரு நப்பாசை.

"மஷூரான்னு சொல்வாங்க. எங்க வீட்ல அஞ்சு பேரு, ஒரு ஆடு வாங்கினாக்கூட மஷூரா இல்லாம வாங்க மாட்டோம்" என்றார். துண்டால் காலைத் துடைத்தார். "அது மட்டும் இல்ல சார். துபாய்ல பதினேழு வருஷம் இருந்தேன். என்னை ஒருத்தன்கூட, நீ என்னா நெனைக்கிறன்னு ஒரு வார்த்தை கேட்டதில்ல." வேனில் ஏறிப் போய்விட்டார். இதை எந்தக் கட்டத்தில் எந்தக் கலரில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மழை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வரவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்தோணியம்மா எல்லாம் கோயிலில் சிலுவைக்கு முத்தம் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் காற்று திரும்பி, அவ்வளவு மேகமும் வடக்கே போய்விட்டது. சனிக்கிழமை சுள்ளென்று வெயில். ஒரு சொட்டு விழவில்லை.

எனக்கு உறைத்தது அப்போதுதான். என் உத்தரவு நிலைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வராத மழைக்காகப் பெரிய வெள்ளியன்று ஒரு முஸ்லிம் முதலாளி எங்களை மிரட்டி வேலை வாங்கினார் என்று அந்தக் கரையோரம் முழுக்கப் பேசியிருப்பார்கள். அவர் எத்தனை வருஷம் உப்பு விளைவித்தாலும் அந்தப் பேச்சு கரைந்திருக்காது. சாவடியில், கிளியனூரில், கோட்டக்குப்பத்தில் என்று ஒவ்வோர் ஊரிலும் அவரவர் வசதிக்கு அது வளர்ந்திருக்கும். மாறாக, அவர்களே கூடிப் பேசி முடிவெடுத்ததால் ஒரு வாரம் முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தார்கள். என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம், "சார், மழை எப்போ?" என்று கேட்டார்கள்.

திங்கட்கிழமை காலை எனக்கு மனசு கேட்கவில்லை. அந்தோணியம்மா பாத்திக்குள் நின்றுகொண்டிருந்தார். கூப்பிட்டேன்.

"அந்தோணியம்மா, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். அன்னிக்கு அந்த ஆர்டர் பாய் போட்டது இல்ல. அவரு உங்களக் கேக்கச் சொன்னாரு. நானா அவரு பேரச் சொல்லிப் போட்டேன். உங்க சாமியப் பத்திப் பேசினதும் தப்பு. மன்னிச்சிடுங்க."

அவர் ஆச்சரியப்படுவார் என்று எதிர்பார்த்தேன். பேசினைக் கையில் பிடித்தபடி அண்ணாந்து என்னைப் பார்த்தார்.

"தெரியும் சார். அன்னிக்கு சாயங்காலமே எல்லாருக்கும் தெரிஞ்சிடுச்சு."

"எப்படித் தெரியும்? பாய் சொன்னாரா?"

"அவரு சொல்லல. அவரு ஆர்டர் போட்டா நேரா வந்து பாத்திக்குள்ள எறங்கி நின்னுதான் பேசுவாரு. நீங்கதான் எப்பவும் வரப்பு மேல நின்னு சொல்லுவீங்க." சிரித்தார். "இப்பவும் அங்கதான் நிக்கிறீங்க."

குனிந்து பார்த்தேன். வரப்பில்தான் நின்றுகொண்டிருந்தேன், செருப்போடு.

என் அப்பாவின் ஞாபகம் வந்தது. நாங்கள் கடலைவிட்டு உள்ளே தள்ளி இருக்கிற ஊர், நெல் விளைவிக்கிற குடும்பம். அப்பா ஒரு நாளும் சேற்றில் இறங்கியவர் இல்லை. வரப்பில் நின்று, இடுப்பில் கை வைத்து, யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் சொல்லுவார், கீழே இருப்பவர்கள் செய்வார்கள். மறுபேச்சு அவருக்குப் பிடிக்காது. சார்ட் பேப்பரில் பச்சை இங்கில் நான் எழுதி வைத்தது ஒரு முஸ்லிமைப் பற்றி அல்ல, என் அப்பாவைப் பற்றி. அதை அப்படியே என் உடம்பில் வாங்கிக்கொண்டு, மூன்று கலரில் மற்றவர்களுக்கெல்லாம் கட்டம் போட்டிருக்கிறேன். எனக்கென்று ஒரு வரிசை போட வேண்டும் என்று கடைசி வரைக்கும் தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது. அந்தோணியம்மா இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்தேன். பாத்திக்குள் இறங்கினேன். உப்புத் தண்ணீர் பட்டதும் கால் வெடிப்பெல்லாம் எரிந்தது, வாய்விட்டுக் கத்திவிட்டேன்.

"எரியும் சார்" என்றார் அந்தோணியம்மா. "ஒரு வாரத்துல பழகிடும். இப்ப சொல்லுங்க, என்னா கேக்கணும்?"